நாள் பூரா இரும்பு, சாயங்காலமும் இரும்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் வேலை. "நாள் பூரா இரும்போடதான கெடக்குற, ஜிம்முக்குப் போயும் இரும்பையே தூக்கணுமாடா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வேலையில் ஒரே பக்கமாகக் குனிந்து, ஒரே தோளால் இழுக்கிறோம், தேய்மானம்தான் மிச்சம். ஜிம்மில் எடையை நாமே தீர்மானிக்கிறோம். மெல்ல மெல்லக் கூட்டுகிறோம், நடுவில் ஓய்வும் உண்டு. தசை வளர்வதே அந்த ஓய்வில்தான்.

டெட்லிஃப்ட் கற்றுக்கொடுத்த மாஸ்டர் முதலில் வெறும் ராடைத்தான் கையில் தந்தார். "முதுக வளைக்காத தம்பி, இடுப்பப் பின்னால தள்ளு. ராடு கால உரசிக்கிட்டே வரணும்." இப்போது கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போதும் அப்படித்தான் குனிகிறேன். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்தால் தூக்கம் வருகிறது. எனக்கு இதுதான் பெரிய லாபம், புஜமெல்லாம் அப்புறம்.

முப்பதைத் தாண்டினால் தசை மெல்லக் கரையத் தொடங்கும். அதைத் திருப்பவும் முடியும். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அது வேறு உலகம். நமக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி வாரத்தில் இரண்டு நாளாவது செய்தால் போதும். பிபி, குடலிறக்கம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ராடைத் தொடுங்கள்.