உறைந்த மண்ணில் ஒரு தாகம்

பனிநாட்டுப் பச்சை – 7

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் மூலையில் ஒரு கொத்து அச்சிட்டிருப்பார்கள். பளபளக்கும் முள் இலை, நடுவே சிவப்புப் பழங்கள். அதுதான் ஹாலி. பனியோடும் மணியோடும் சேர்த்தே பார்த்துப் பழகியதால், கடுங்குளிருக்கென்றே பிறந்த செடி என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் அந்த அட்டையில் இருக்கும் ஐரோப்பிய ஹாலி, கடற்காற்று தணித்துவைத்த மிதமான குளிரில் வாழ்வது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பிரான்ஸின் மேற்கிலும் காட்டுக்குள் தானாக வளரும். ஐரோப்பாவின் உள்நாட்டுக்குள் கிழக்கே போகப் போக அதைக் காணமுடியாது.

எங்கே நின்றுவிடுகிறது என்பதை டென்மார்க்கின் தாவரவியலாளர் யோஹானஸ் இவர்சன் 1944இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் கோடுதான் காட்டு ஹாலியின் எல்லை. கரிச் சதுப்புகளின் அடியில் கிடைக்கும் பழைய ஹாலி மகரந்தத்தை வைத்து, மனிதர் எழுதி வைக்காத காலத்துக் குளிர்காலம் எப்படி இருந்தது என்று சொல்லவும் இந்தக் கண்டுபிடிப்பு வழி செய்தது. 2005இல் வந்த இன்னொரு ஆய்வு, ஸ்காண்டிநேவியாவில் அந்த எல்லை வடக்கே நகர்ந்துவிட்டதைப் பதிவு செய்தது. பூமி சூடாவதற்கு ஒரு முட்செடி சொல்லும் சாட்சி அது.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். அமெரிக்காவின் வடகிழக்கில் பல இடங்களில் ஜனவரிச் சராசரி பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே. ஐரோப்பிய ஹாலி அங்கே தாங்காது. அந்த நாட்டுக்கே உரிய ஹாலி ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் கடற்கரையிலிருந்து ஃபுளோரிடா வரை வளரும் பெரிய மரம், டெலவேர் மாநிலத்தின் மாநில மரமும் அதுதான். ஆனால் அதன் இலையில் ஐரோப்பிய இனத்தின் மினுமினுப்பு இல்லை. வீட்டு வாசலுக்கு ஏற்ற புதர் வடிவமும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவர் கேத்லீன் மெசெர்வ். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், செயின்ட் ஜேம்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த பெண்மணி. தாவரவியல் அவர் தொழில் அல்ல. தோட்ட ஆர்வம்தான் அவரை இதில் இறக்கியது. 1950களில் அவர் கலப்பு முயற்சியைத் தொடங்கினார். ஒரு பக்கம் அழகான ஐரோப்பிய ஹாலி. மறு பக்கம் அவர் தேர்ந்தெடுத்ததுதான் அபாரம்: வட ஜப்பானிலும் சாகலின் தீவிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு சிறு ஹாலி. பார்வைக்குச் சாதாரணமானது, யாரும் வாசலில் வைக்க விரும்பாதது. ஆனால் கடும்பனிப் பிரதேசத்தில் காலம்காலமாகப் பிழைத்திருப்பது.

ஹாலி விதை அவசரப்படாது. பழம் பழுத்த பிறகும் உள்ளே கரு முழுமையாக வளர்ந்திருக்காது; மண்ணில் விழுந்து முளைக்க இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும். அதன் பிறகு செடி பூக்கும் வயதுக்கு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆணா பெண்ணா என்றே தெரியும். இந்தக் காத்திருப்பையெல்லாம் கடந்து, 1964இல் ‘புளூ பாய்’, ‘புளூ கேர்ள்’ என்ற இரண்டு செடிகளுக்குக் காப்புரிமை கிடைத்தது. நீலம் ஓடிய கரும்பச்சை இலை, ஊதாச் சாயல் தண்டு. 1970களில் ‘புளூ பிரின்ஸ்’, ‘புளூ பிரின்சஸ்’ வந்தன. இன்றும் அமெரிக்க நர்சரிகளில் அதிகம் கேட்கப்படும் பெயர்கள் இவை. மைனஸ் 25 டிகிரியைத் தாண்டியும் தாங்குகின்றன. இந்தக் கலப்பினத்துக்கு மெசெர்வின் பெயரையே வைத்து 1970இல் முறைப்படி விவரித்தவர் ஹூ ஷியு-யிங். சீனாவின் ஹாலிகளை ஆராய்ந்து 1949இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற பெண் விஞ்ஞானி. சகாக்கள் அவரை ‘ஹாலி ஹூ’ என்றே அழைத்தார்கள். ஆர்வத்தால் மட்டுமே வந்த ஒருவரின் உழைப்பை, துறையில் கரைகண்ட இன்னொரு பெண் அடையாளம் கண்டு பெயர் சூட்டியது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பனிநாடுகளில் ஹாலி கருகிப்போனால், ‘குளிர் தாங்கவில்லை’ என்பார்கள். பெரும்பாலும் அது தாகத்தில் கருகியிருக்கும். இலையுதிர் மரங்கள் குளிர்காலத்தில் இலையே இல்லாமல் நிற்பதால் அவற்றுக்குச் செலவு குறைவு. பசுமை மாறா ஹாலியின் அகன்ற இலை வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறுகிறது, இலை சூடாகிறது, ஆனால் வேரைச் சுற்றியுள்ள மண் இன்னும் பாறையாக உறைந்திருக்கிறது. நீர் அங்கேயே இருக்கிறது, வேரால் உறிஞ்ச முடியவில்லை. இலையின் நுனியும் ஓரமும் முதலில் பழுப்பாகும். வெயில் அதிகம் விழும் தெற்கு, தென்மேற்குப் பக்கமே முதலில் வாடும்.

சில செடிகளில் ஏப்ரலில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அடிப்பாதி கொழுகொழுவென்று பச்சை, மேல்பாதி தீய்ந்த பழுப்பு, நடுவே கோடு கிழித்ததுபோல் ஒரு எல்லை. குளிர்காலம் முழுக்கப் பனி எந்த உயரம்வரை குவிந்திருந்ததோ, அந்த உயரம்வரை செடி தப்பியிருக்கிறது. வெயிலும் காற்றும் எட்டாதபடி பனியே மூடிக் காத்திருக்கிறது. தரையோடு படரும் ஜப்பானிய ஹாலி பிழைத்த விதமும் இதுதான். நிமிர்ந்து வளரும் அதன் கலப்பு வாரிசுக்கு அந்தப் போர்வை பாதிதான் கிடைக்கிறது. மீதியை வளர்ப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டொரொண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் வீடும் தோட்டமுமாக இருக்கும் நம்மவர்களுக்கு இந்த இடம் முக்கியம். வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம், காற்று நேராக அறையாத மூலை நல்லது. உப்பு தூவும் சாலையோரம் வேண்டாம். வசந்தத்தில் நட்டால் குளிருக்கு முன் வேர் பிடிக்க ஒரு பருவம் முழுதாகக் கிடைக்கும். மண் சற்று அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். கோடை முடிவில் உரம் போட்டால் இளந்தளிர் விட்டு அது முதல் உறைபனியிலேயே சாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், இலையுதிர் காலத்தில் மண் உறையும்வரை ஆழமாகத் தண்ணீர் விடுவது. செடிகள் ஓய்வெடுக்கும் காலம்தானே என்று குழாயை அக்டோபரிலேயே மூடிவிடுவதுதான் பெரிய கேடு. வேரைச் சுற்றி மரச்சீவல் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். காற்றடிக்கும் பக்கம் குச்சி நட்டுச் சாக்குத் துணி கட்டலாம். பிளாஸ்டிக் தாள் கூடாது. வெயிலில் உள்ளே வெந்துவிடும். இலையில் மெழுகுப் படலம் போடும் தெளிப்பான்களும் விற்கிறார்கள். நவம்பரில் விட்ட தண்ணீருக்கு அவை ஈடாகும் என்று நான் நம்பவில்லை.

பழம் வேண்டுமென்றால் ஆண் செடி ஒன்றும் அருகில் இருக்க வேண்டும். ஒரு ஆண் பல பெண் செடிகளுக்குப் போதும். மகரந்தத்தைத் தேனீக்கள் சுமக்கும். நீல ஹாலியின் பூமொட்டு முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில் வருவதால், கோடையில் கண்டபடி கவாத்து செய்தால் அந்த மொட்டுகளும் கத்தரியோடு போய்விடும். டிசம்பரில் அலங்காரத்துக்கு வெட்டுவதே அளவான கவாத்து. பழங்கள் பறவைகளுக்குத்தான் உணவு. குழந்தைகள் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

முள்ளே வேண்டாம் என்பவர்களுக்கு இங்க்பெர்ரி இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை தானாக வளரும் கறுப்புப் பழ ஹாலி. நம் நீலகிரிச் சோலைகளிலும் இந்தக் குடும்பத்து மரங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கருகிய ஹாலியை ஏப்ரலிலேயே வெட்டிவிடாதீர்கள். கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பு இலைகள் உதிர்ந்து புதுத் தளிர் வர ஜூன்கூட ஆகலாம். தளிர் எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்த பிறகு, அதற்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டினால் போதும்.

(அடுத்த வாரம்: குளிர் ஏற ஏற இலையைச் சுருட்டிக்கொள்ளும் ரோடோடென்ட்ரான்)