மருந்தடித்த உடம்புக்குக் கீழாநெல்லி போதுமா?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தால் விசைத்தெளிப்பான் முதுகில் ஏறிவிடும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளி, கத்திரிக்கும் இதே கதைதான். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதே சாற்றைக் குடித்தால் பூச்சிமருந்தின் விஷமும் ஈரலில் தங்காது என்று நம்புகிறவர்கள் உண்டு.

இதில் பாதி உண்மை இருக்கிறது. கார்பன் டெட்ரா குளோரைடு என்ற ரசாயனத்தை எலிக்குக் கொடுத்தால், அதைச் சிதைக்கப் போன ஈரலின் செல்களே சேதமாகும், ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவு எகிறும். கீழாநெல்லிச் சாறு கொடுக்கப்பட்ட எலிகளில் அந்தச் சேதம் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கரிசலாங்கண்ணி, நிலவேம்புக்கும் இப்படிப்பட்ட முடிவுகள் வந்துள்ளன. ஆனால், பல சோதனைகளில் சாற்றை முதலில் கொடுத்துவிட்டு, விஷத்தைப் பிறகுதான் கொடுக்கிறார்கள். விஷம் ஏறியபின் காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி.

மனிதர்களிடம் நடந்த சோதனையில் பெரிதும் பேசப்பட்டது சென்னையில் நடந்தது. 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஹெபடைடிஸ் பி கிருமி இருந்த 37 பேர் 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்டதில், 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்கான சோதனைதான், பூச்சிமருந்துக்கானதல்ல. விஷத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே பயன்படும் மூலிகைச் சத்து ஒன்று உண்டு: ஐரோப்பாவில் விஷக்காளான் தின்றவர்களுக்கு மில்க் திஸில் செடியின் சத்தை ஊசிவழியாக ஏற்றுகிறார்கள். அரைத்துக் குடிக்கும் சமாச்சாரம் அல்ல அது.

குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் போன்றவை முதலில் தாக்குவது ஈரலை அல்ல, நரம்பை. தெளித்தவருக்கு எச்சில் வடிதல், வாந்தி, வியர்வை, கண்பாப்பா சுருங்குதல், மூச்சுத்திணறல் வந்தால் சாறு அரைக்க நேரமில்லை. உடையைக் கழற்றி, சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி இருக்கிறது. மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஈரலையே குறிவைப்பது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். தமிழக அரசு தடை செய்த சரக்கு; பழைய டியூப் வீட்டில் கிடந்தால் குழந்தை கையில் எட்டிவிடும். வாயில் வைத்த குழந்தை முதல் நாள் நன்றாக விளையாடும். ஓரிரு நாள் கழித்துத்தான் ஈரல் கெடத் தொடங்கும். நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல், அன்றைக்கே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கீழாநெல்லி வேண்டும் என்பவர்கள் களைக்கொல்லி அடித்த வரப்பில் பறிக்காதீர்கள். விஷம் முறிக்கக் குடிப்பதில் விஷமே இருக்கும். கிணற்றடி ஈரத்தில், இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்கும் செடியாகப் பார்த்து எடுக்கலாம்.