குரங்குக்கு மூணு மூடி

பத்து வரை தடுமாறாமல் சொல்லும் மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு குரங்கு பொம்மையை உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அகலமான பாட்டில் மூடிகள். (புளியங்கொட்டை வேண்டாம், அந்த வயதில் அது மூக்குக்குள் போய்விடும்.) "குரங்குக்கு மூணு மூடி கொடு" என்று கேளுங்கள். பல குழந்தைகள் கை கொண்ட மட்டும் அள்ளிக் கொட்டும். "மூணுதானா, எண்ணிப் பாரு" என்றால், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று ஒழுங்காக எண்ணிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டுகிற பிள்ளைகளும் உண்டு.

பொம்மைக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லும் இந்தச் சோதனையை உளவியலாளர் கேரன் வின் 1990இல் விரிவாகச் செய்தார். எண்களை வரிசையாக ஒப்பிப்பது வேறு, 'மூன்று' என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறு. குழந்தைக்கு முதலில் ஒன்று மட்டும்தான் பிடிபடுகிறது. இரண்டு கேட்டாலும் ஐந்து கேட்டாலும் ஒரே அள்ளல்தான். மாதங்கள் கழித்து இரண்டு. இன்னும் சில மாதங்களில் மூன்று. பிறகு, பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயது வாக்கில், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது உறைக்கிறது. அதன்பின் ஐந்துக்கும் ஆறுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே எண்ணுவதற்கு மூடி, வாங்கிக்கொள்ளக் குரங்கு என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. எல்கேஜி வகுப்புக்குக் கலர் கலராக யானை, சிங்கம், ஒட்டகம் வாங்கி அடுக்கினால் கணக்கு தானாக வரும் என்று நம்புகிறோம். 2013இல் லோரி பீட்டர்சன், நிக்கோல் மெக்நீல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். குழந்தைக்கு ஏற்கெனவே நன்கு பழக்கமான, கண்ணைப் பறிக்கும் பொருள்களைக் கொடுத்தபோது எண்ணுவது மோசமானது. வியப்பில்லை. சிங்கம் கையில் வந்தால் அது உறுமத்தானே வேண்டும்!

ஆனால் விலங்கு கதாபாத்திரமாக வரும்போது நிலைமை மாறுகிறது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே காட்டிய ஒரு சோதனை புகழ்பெற்றது. இரண்டு வரிசையில் சமமாக வில்லைகளை வைத்து, பெரியவர் ஒரு வரிசையை மட்டும் அகட்டிவிட்டுக் கேட்பார்: "இப்ப எதுல அதிகம்?" நாலைந்து வயதுப் பிள்ளைகள் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் பெரியவர் கை வைக்கவில்லை. ஒரு குறும்புக் கரடி பெட்டியிலிருந்து ஓடி வந்து வரிசையைக் கலைத்தது. கேள்வி அதேதான். இந்த முறை, சமம் என்று சொன்ன பிள்ளைகள் பல மடங்கு கூடினார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், பதிலும் மாற வேண்டும்போல என்று குழந்தை நினைக்கிறது. கரடி கலைத்தால் அப்படித் தோன்றாது.

மெக்காரிகலின் மாடுகள் எனக்கு இன்னும் பிடித்தவை. நான்கு பொம்மை மாடுகள். மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எல்லாவற்றையும் சாய்த்துப் படுக்க வைத்து, தூங்குகின்றன என்று சொன்னார். "கறுப்பு மாடு அதிகமா, மாடு அதிகமா?" என்ற கேள்விக்கு ஆறு வயதுப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். "கறுப்பு மாடு அதிகமா, தூங்குற மாடு அதிகமா?" என்றதும் 48 சதவீதம். (முதல் கேள்வியை வீட்டில் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரு நொடி விழிப்பார்கள்.)

கரடிக்கும் பின்னால் ஒரு சிக்கல் வந்தது. 1986இல் மூர், ஃப்ரை என்ற ஆய்வாளர்கள் கரடியை உண்மையிலேயே எண்ணிக்கையை மாற்ற வைத்தார்கள். மாறிய பிறகும், எதுவும் மாறவில்லை என்றே சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். கரடியின் சேட்டையைப் பார்த்தவர்கள் வரிசையைப் பார்க்கவில்லை. ஆகவே அங்கன்வாடியில் கரடியைக் கொண்டுவரும் டீச்சர், அது பெட்டிக்குள் திரும்பிப் போன பிறகு மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தி எண்ண வைப்பது நல்லது.