மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் நகரங்களிலும் அகண்ட அலைவரிசை: தமிழ்க் கல்வி நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவின் சிறிய மாநிலங்களுள் ஒன்று மலாக்கா. மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களே இதில் அடங்கும். மாநிலத்தில் உள்ள 21 தமிழ்ப்பள்ளிகளுள் சில நகரத்திலும் பட்டணங்களிலும் இயங்குகின்றன. பல, தோட்டங்களில் தோன்றி இன்றும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. நாட்டில் அகண்ட அலைவரிசை இணையம் எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சி நகரத் தமிழரையும் தோட்டத் தமிழரையும் ஏன் ஒரே காலத்தில் சென்றடையவில்லை, இதனால் தமிழ்ப்பள்ளி எதிர்கொள்வது யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘அகண்ட அலைவரிசை’ என்பது மலேசியத் தமிழ் ஊடகங்களில் வேரூன்றிய வழக்கு. தமிழகத்தில் ‘அகலக்கற்றை’, ‘அகலப்பட்டை’ என்னும் சொற்களும் வழங்குகின்றன. எச்சொல்லைக் கொண்டாலும், ஒரே வேளையில் மிகுதியான தரவைக் கடத்தவல்ல, எப்பொழுதும் திறந்திருக்கும் இணைப்பு என்பதே பொருள். முற்காலத் தொலைபேசிவழி இணைப்பில் ஒவ்வொரு முறையும் எண்ணைச் சுழற்ற வேண்டும். இணைப்பில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசியைப் பயன்படுத்த இயலாது. அதன் உச்ச வேகமும் நொடிக்கு 56 கிலோபிட் அளவே. ஆகவே, அகண்ட அலைவரிசையின் வருகை வேகத்தை மட்டுமன்றி, இணையத்தைப் பயன்படுத்தும் பழக்கத்தையே மாற்றியது எனலாம்.

நாட்டில் இணையத்தின் வளர்ச்சி

மலேசியாவின் முதல் இணையச் சேவையாகிய ஜாரிங், 1990களின் தொடக்கத்தில் மீமோஸ் நிறுவனத்தின்வழி அறிமுகமானது. 1996ஆம் ஆண்டில் டிஎம்நெட் சேவை தொடங்கியது. அதே ஆண்டில்தான் பல்லூடகப் பெருவழித் திட்டமும் தொடக்கம் கண்டது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தைத் தொடர்ந்து மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமைந்தது. 2001இல் டெலிகாம் மலேசியா ‘ஸ்திரீமிக்ஸ்’ என்னும் பெயரில் செப்புக் கம்பிவழி அகண்ட அலைவரிசையை வழங்கத் தொடங்கியது. 2008இல் அரசாங்கமும் அந்நிறுவனமும் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்திற்கு உடன்பாடு கண்டன. அதன் பயனாக 2010 மார்ச்சு மாதத்தில் ஒளியிழைவழி ‘யூனிஃபை’ சேவை அறிமுகமானது. 2018இல் ஆணையம் மொத்த விலைக் கட்டணங்களை முறைப்படுத்தியதால் நிலையான இணைப்புகளின் விலை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 2020இல் ‘ஜெண்டேலா’ திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் தலைமுறை அலைவரிசை படிப்படியாக நிறுத்தப்பட்டது.

கடலடிக் கம்பியும் கடைசிக் கல்லும்

இவ்வரலாற்றில் மலாக்காவிற்குத் தனியிடம் உண்டு. நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகமாகிய டெலிகாம் பல்கலைக்கழகம் 1996இல் மலாக்காவில்தான் தொடங்கப்பட்டது. பின்னர் அதுவே பல்லூடகப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 2005இல் நிறைவுற்ற ‘சீ-மீ-வீ 4’ என்னும் கடலடிக் கம்பி, மலேசியாவில் கரையேறும் இடம் மலாக்காவே. இக்கம்பி சென்னையையும் கொழும்பையும் மலாக்காவையும் சிங்கப்பூரையும் ஒரே தொடரில் பிணைக்கிறது. தமிழர் வணிகம் நாடியும் உழைப்பு நாடியும் கடந்து வந்த அதே கடலின் அடியில், தமிழர் வாழும் நான்கு நிலங்களை இணைக்கும் ஒளியிழை கிடக்கிறது என்பது எண்ணத்தக்கது. 2016இல் ‘சீ-மீ-வீ 5’ கம்பியும் மலாக்காவில் கரையேறியது.

எனினும், கண்டங்களை இணைக்கும் கம்பி கரையேறிய மாநிலத்தில், கரையிலிருந்து சில கல் தொலைவில் உள்ள தோட்ட லயத்திற்கு இணைப்பு எளிதில் கிட்டவில்லை. இதனை முரண் என்று மட்டும் கூறிவிட இயலாது. கடலடிக் கம்பி நாடுகளுக்கிடையிலான போக்குவரத்தைச் சுமக்கிறது. வீட்டு வாசலுக்கு வரும் இணைப்போ, அருகிலுள்ள தொலைபேசி நிலையத்தையும், அங்கிருந்து வீடுவரை இழுக்கப்படும் கம்பியையும் பொறுத்தது. இக்கடைசிக் கல் தொலைவே சிக்கலின் மையமாகும்.

தோட்டம் பின்தங்கியதன் காரணங்கள்

முதலாவது காரணம் தொலைவு. செப்புக் கம்பிவழி அகண்ட அலைவரிசை, பேச்சொலிக்குப் பயன்படாத உயர் அதிர்வெண்களில் தரவைக் கடத்துகிறது. கம்பியின் நீளம் கூடக்கூட அவ்வதிர்வெண்கள் விரைந்து தேய்கின்றன. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் சேவை நலிந்துவிடும். பட்டணத்துக் கடைவீடுகள் நிலையத்தை ஒட்டியே அமைந்தவை. தோட்ட லயங்களோ செம்பனை, ரப்பர் நிரைகளுக்கு உள்ளே அமைந்தவை.

இரண்டாவது காரணம் நில உரிமை. தோட்டம் தனியார் நிலம்; லயமும் நிறுவனத்தின் உடைமை. கம்பம் நடவும் கோபுரம் எழுப்பவும் உரிமையாளரின் இசைவு தேவை. குடியிருக்கும் தொழிலாளி தம் பெயரில் நிலையான இணைப்பைக் கோரினாலும், வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியவராகவே உள்ளார்.

மூன்றாவது காரணம் மக்கள்தொகை. ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதாலும், தோட்டத் துண்டாடலாலும் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. எஞ்சிய சில வீடுகளுக்காக முதலீடு செய்வதில் வணிக நிறுவனங்கள் ஆர்வம் காட்டுவதில்லை. இதனை ஈடுசெய்யவே, உரிமம் பெற்ற நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அனைவருக்குமான சேவை நிதி அமைக்கப்பட்டது.

நான்காவதாக, அடர்ந்த செம்பனை ஓலைகள் வானலைகளை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. ஆகவே, வரைபடத்தில் ‘சேவை உண்டு’ எனக் காட்டப்படும் இடத்திலும், வீட்டிற்குள் ஒலியும் படமும் தடைபடுவதுண்டு.

இவற்றுள் சில தடைகளைத் தாண்டி வந்த நுகர்வுத் தொழில்நுட்பங்களும் உண்டு. 1996இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியபோது ‘வானவில்’ தமிழ் அலைவரிசையும் அதனுடன் வந்தது. செயற்கைக்கோள் தட்டுக்குத் தரைக்கம்பி தேவையில்லை. ஆதலின் அது லயத்துக் கூரையிலும் ஏறியது. முன்கட்டணக் கைத்தொலைபேசிக்கு நிலையான முகவரி தேவையில்லை. ஆதலின் அதுவும் பரவியது. ஆனால், தட்டு ஒருவழித் தொடர்பு. முன்கட்டணத் தரவோ அளந்து செலவிட வேண்டியது. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் வழி பிறந்தது; கற்பதற்குரிய நிலையான இணைப்பு மட்டும் பிந்தியது.

தமிழ் எழுத்துரு: மற்றொரு தடை

இணைப்புக் கிடைத்த இடத்திலும் தமிழ் உடனே இயங்கிவிடவில்லை. 1990களில் ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு, மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்ததே காரணம். இத்துறையில் மலேசியத் தமிழரின் பங்களிப்பு பெரிது. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள், தமிழாசிரியர்களுக்கும் இதழ்களுக்கும் தமிழில் தட்டச்சு செய்யும் வசதியை அளித்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2005இல் செல்லினம் கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. 2013ஆம் ஆண்டு மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஒருங்குறி நிலைபெற்ற பின்னரே எழுத்துருச் சிக்கல் பெரிதும் நீங்கியது.

பள்ளிகளின் நிலை

2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது மடிக்கணினிகளும் ஒளிப்படக் காட்டிகளும் பள்ளிகளுக்கு வந்தன. அடுத்து ஸ்கூல்நெட் திட்டம் பள்ளிகளுக்கு இணைப்பு வழங்கியது. 2011இல் ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் அதன் இடத்தைப் பெற்று, 2019இல் முடிவுற்றது. இவை யாவும் பள்ளி வளாகத்தை இலக்காகக் கொண்டவை. மாணவரின் வீட்டை அல்ல.

இவ்வேறுபாடு 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வெளிப்பட்டது. வகுப்பறை வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என அக்காலத்துக் கல்வி அமைச்சின் ஆய்வு காட்டியது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், தந்தை வேலைக்குக் கொண்டு செல்லும் ஒரே கைத்தொலைபேசிதான் இருக்குமாயின், அவர் வீடு திரும்பும் மாலைப் பொழுதுதான் பள்ளி நேரமாகும்.

சராசரியின் மறைப்பு

மலாக்கா நெருக்கமான குடியிருப்பும் நல்ல சாலைகளும் கொண்ட சிறிய மாநிலம். ஆதலின் மாநிலச் சராசரியைக் கணக்கிடும்போது சேவை எட்டும் விகிதம் உயர்ந்தே தோன்றும். சில நூறு பேர் மட்டுமே வாழும் தோட்டம் அச்சராசரியை அசைப்பதில்லை. சரவாக்கின் உட்பகுதியில் இணைப்பின்மை வரைபடத்திலேயே தெரிகிறது. மலாக்காவின் தோட்டத்தில் அது எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளி மாணவரின் எண்ணிக்கை சிறிதாக உள்ள இடங்களில் இம்மறைப்பின் விளைவு கடுமையானது. இணைய வசதி இல்லாத இடத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோர் பட்டணத்துக்குக் குடிபெயர்வர்; மாணவர் குறைந்தால் பள்ளி நிலைப்பதும் கேள்விக்குறியாகும்.

முடிவுரை

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தோட்ட நிருவாகம் குடிநீரும் மின்சாரமும் வழங்க வேண்டும் என வரையறுத்தது. அன்று இணையம் பொதுமக்கள் அறியாத ஒன்று. இன்று அது கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் அரசாங்கச் சேவைக்கும் இன்றியமையாத வாயிலாகிவிட்டது. குடிநீர், மின்சாரம் ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாயிற்று.

தமிழ்ப்பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தத்தம் மாணவரின் வீடுகளில் உள்ள இணைப்பு, கருவி, பகிர்வோர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தோட்டவாரியாகத் திரட்டுதல் நன்று. சராசரிக்குப் பதிலாக அவ்விவரத்தை முன்வைத்தால்தான் சேவை நிதியைக் கோருவதற்கு உறுதியான அடிப்படை கிட்டும். ஆசிரியர்கள் ஒருங்குறியில், குறைந்த தரவளவில், இணைப்பின்றியும் திறக்கக்கூடிய பாடப்பொருள்களை உருவாக்குவதும் தேவை. நீண்ட காணொளியைக் காண இயலாத மாணவனும் ஒரு சிறு ஒலிக்கோப்பைக் கேட்டுச் செய்யுளை மனனம் செய்ய இயலும்.

கடல் கடந்து வந்த ஒளியிழையின் பயன் லயத்தில் வாழும் மாணவனுக்கும் உரியது. அதனை அவனிடம் கொண்டு சேர்ப்பதில் அரசாங்கத்திற்கும் தோட்ட நிருவாகத்திற்கும் உள்ள பொறுப்பைப் போன்றே, அங்கு அவன் காணும் தமிழைத் தரமுடையதாக ஆக்கும் பொறுப்பு தமிழாசிரியருக்கும் உண்டு.