மலைப்பாதையில் குதிரையேற்றம்: உடையும் துணைக்கருவிகளும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. வேட்டைநாய் இனத்தால் பெயர்பெற்ற இவ்வூருக்கு மேற்கே மலை சுவர்போல் எழுகிறது. அதன் விளிம்பில் கேரளத்தின் இராமக்கல்மேடு அமைந்துள்ளது. வடக்கே, போடிநாயக்கனூரை அடுத்த சாலையில்லா மலைக்கிராமங்கள் சிலவற்றுக்குக் குதிரைகளே பொதி சுமக்கின்றன. தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களும் அவற்றின் முதுகில் ஏறியே மலைக்குச் சென்றிருக்கின்றன. இத்தகைய ஒற்றையடிப் பாதைகளில் குதிரையேறிச் செல்லும் ஆடவர் எதை உடுத்த வேண்டும் என்னும் வினா, அழகைவிட உயிர்ப்பாதுகாப்போடு நெருங்கிய தொடர்புடையது.

குதிரை இயல்பிலேயே அஞ்சி ஓடும் விலங்கு. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும் இம்மலை விளிம்பில் வேட்டியின் தலைப்போ தோளில் கிடக்கும் துண்டோ படபடத்தால் போதும். அது மிரண்டு பாயும். சரசரக்கும் நெகிழி மழையங்கியும் அவ்வாறே மிரளச் செய்யும். ஆதலின் உடை உடலோடு ஒட்டியதாகவும், சட்டை கால்சட்டைக்குள் செருகப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். மழையங்கியை ஏறி அமர்ந்தபின் அணிய முயலாமல், தரையில் நின்றே அணிந்துகொள்வது தக்கது.

கால்சட்டையைத் தேர்வதில் தையலே முதன்மையானது. தொடையின் உட்பகுதியும் முழங்காலும் சேணத்தோடு இடைவிடாது உரசுகின்றன. முரட்டுத்துணிக் கால்சட்டையின் தடித்த உள்தையல் சில மணி நேரத்திலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். உள்ளாடையும் தையல் தடிப்பின்றி உடலைக் கவ்வியிருத்தல் நலம். இச்சிக்கலுக்கு இந்திய மண்ணே ஒரு தீர்வு கண்டது. இடுப்பருகே தளர்ந்தும் முழங்காலுக்குக் கீழே இறுகியும் அமைந்த இராசபுதனத்துக் கால்சட்டையைச் சோத்பூரின் சர் பிரதாப் சிங், 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்குச் சென்றபோது இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தினார். அவ்வூரின் பெயரே உடையின் பெயராகி உலகெங்கும் பரவியது.

எனினும், உடைகளுள் உயிரோடு மிக நெருங்கியது காலணியே. சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டுமே ஊன்ற வேண்டும். வீழும்போது பாதம் அதனுள் முழுதும் நுழைந்து சிக்கிக்கொண்டால், ஓடும் குதிரை மனிதனைப் பாறைமேல் இழுத்துச் செல்லும். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரக் குதிகால் பாதத்தை முன்னே நழுவவிடாமல் தடுக்கிறது. அடிப்பகுதி ஆழ்ந்த வரிப்பள்ளங்களின்றி இருந்தால் பாதம் எளிதில் விடுபடும். குதிகாலற்ற விளையாட்டுக் காலணியில் இவ்விரண்டும் பொருந்துவதில்லை. செருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டா! பழங்கால இந்தியாவில் வெறுங்காலின் பெருவிரலை மட்டும் நுழைக்கும் சிறு வளையமே அங்கவடியாக வழங்கியது. பாதம் சிக்காமைக்கு அதுவும் ஒரு வழியே. இன்றைய அங்கவடியோ காலணியைவிடச் சற்று அகன்றிருத்தல் வேண்டும்.

முழங்கால்வரை உயர்ந்த தோற்காலணி சமவெளிக்கு ஏற்றது. மலைப்பாதையிலோ செங்குத்தான இறக்கங்களில் இறங்கிக் குதிரையை நடத்திச் செல்ல நேரும். கணுக்காலை மூடும் குட்டைக் காலணியும், அதன்மேல் கட்டும் கெண்டைக்கால் தோலுறையுமே இங்கு உகந்தவை. அவை முள்ளையும், மழைக்கால அட்டைகளையும் ஓரளவு தடுக்கும்.

தலைக்கவசத்துக்கு மாற்று இல்லை. தலைப்பாகை வெயிலைத் தாங்கும், பாறையைத் தாங்காது. நாடிவாரால் இறுக்கிய, குதிரையேற்றத்துக்கென உருவான கவசமே தேவை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் பார்வைக்கு முழுமையாகத் தோன்றினும், அதனை மாற்றிவிடுதல் வேண்டும்.

மேற்சட்டைக்கு முழுக்கைப் பருத்தி ஏற்றது. ஆயிரம் மீட்டர் உயர்வுக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறைவதால் மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றும் உடனிருக்க வேண்டும். கோடையில் செயற்கை இழைகளைத் தவிர்ப்பது நன்று. தீப்பட்டால் அவை உருகித் தோலில் ஒட்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ மலையேறச் சென்றோர் பலரின் உயிரைப் பறித்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. வனத்துறையின் இசைவின்றி அக்காட்டுப் பாதைகளில் செல்லலாகாது.

இவையனைத்தையும் சுமப்பது குதிரை. தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையே அது சுமக்கலாம் என்பது பலர் பின்பற்றும் அளவு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு, இக்கணக்கின்படி 50 கிலோவே எல்லை. பொதிவிலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவும் கோவேறு கழுதைக்கு 200 கிலோவும் உச்ச அளவாகக் கூறுகின்றன. வளர்ந்த ஆடவன் ஒருவனும் அவனது சேணமும் சேர்ந்தே இவ்வளவைக் கடந்துவிடக்கூடும். எனவே சிறு குதிரையைப் பொதிக்கு விட்டுவிட்டு, ஏறிச்செல்லப் பெரிய குதிரையையே நாட வேண்டும்.

சுமையை முதுகுப்பையில் இட்டுத் தோளில் மாட்டுவது சமநிலையைக் குலைக்கும். சேணத்தின் இருபுறமும் சம எடையாகத் தொங்கவிடுவதே முறை. புறப்பட்டுச் சிறிது தொலைவு சென்றதும் வயிற்றுவாரை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். குதிரை மூச்சை விட்டதும் வார் தளர்ந்திருக்கும். நீரும் உணவும் சேணப்பையில் போகலாம். கைப்பேசியும் சிறு கத்தியும் மட்டும் சட்டைப்பையிலோ இடுப்பிலோ இருத்தல் வேண்டும். வீழ்த்திவிட்டு ஓடும் குதிரை சேணப்பையையும் உடன்கொண்டு போய்விடும்.