தாரை விட்டுக் கல்லைப் பிடித்த பேராசிரியர்

அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குடைவரையை 9-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அங்குள்ள ஓவியங்கள் வெறும் பாறைமேல் தீட்டியவை அல்ல. முதலில் சாந்து, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அப்புறம்தான் தாமரைக்குள ஓவியம். கல்லை முதலில் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆயிரம் ஆண்டு கழித்து இன்னொரு மதுரை ஆசிரியருக்கும் இதே வேலைதான். என்ன, அவருக்கு வாய்த்தது தார்ச்சாலை.

மழை விட்ட மறுநாள் சாலைக்குழியிலிருந்து ஒரு ஜல்லியை எடுத்துப் பாருங்கள். தார் உரிந்து வெளிறிக் கிடக்கும். கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பாசம் அதிகம். இடுக்கில் இறங்கும் நீர் தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிடுகிறது. மேலே நாலு லாரி ஓடினால் குழி தயார்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2001 வாக்கில் கைவைத்தது இங்கேதான். குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்தப் பார்த்தார். அதை நேராகத் தாரில் கலந்தால் தார் கொஞ்சம்தான் ஏற்கும். ஆறினால் பிரிந்தும் நிற்கும். எனவே அவர் தாரை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தார். சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லிமேல் பொடியாக நறுக்கிய கேரி பேக்கைத் தூவினால், அது நிமிடத்துக்குள் உருகி ஒவ்வொரு கல்லையும் மெழுகுபோல் போர்த்திவிடும்; நுண்துளைகளும் அடைபடும். அதன்பிறகு தார். பிளாஸ்டிக்கும் தாரும் பெட்ரோலியப் பங்காளிகள், சண்டை போடாத பங்காளிகள். இந்தக் கலவையை 72 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தும் தார் உரியவில்லை.

2002-இல் கல்லூரி வளாகத்திலும் சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவிலும் சாலை போட்டார்கள். 2006-இல் கல்லூரிக்குக் காப்புரிமை. 2013-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பத்திரிகைகள் சூட்டிய ‘பிளாஸ்டிக் மனிதர்’ பட்டம் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. அவர் படித்தது கல்லின் குணத்தை.

ஒற்றைத்தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும். தாரும் பத்தில் ஒரு பங்கு மிச்சம். அதற்காகக் குப்பைமேடே கரைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பால் கவர் ஆகும், பி.வி.சி. குழாய்த் துண்டு ஆகாது. சூட்டில் அது நச்சுப்புகை கக்கும். ஆகிற பிளாஸ்டிக்கும் 270 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். ஆகவே கலவை ஆலையில் ஒருவர் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதற்கும் முன்னால், குப்பையைக் கிளறி அந்தக் குழாய்த் துண்டைப் பொறுக்கி எறிய ஓர் ஆள் வேண்டும்.