பாசிக்குடாக் கரையில் ஒரு டொலர்

அந்நியச் செலாவணி என்றதும் கொழும்புக் கோட்டையிலுள்ள வங்கிகளே பலர் நினைவுக்கு வரும். எம்மில் மூத்தோருக்கோ, பவுண், சிலிங், பென்ஸ் என எண்கணித வகுப்பில் மாற்றி மாற்றிச் செய்து களைத்த கணக்குகளும் நினைவில் எழும். ஆயினும், அதன் அரிச்சுவடியைக் கற்பதற்குப் பாசிக்குடாக் கரையே போதுமானது.

ஆழமற்ற அக்கடலில் நெடுந்தூரம் நடந்து திளைத்துக் கரையேறும் வெளிநாட்டார் ஒருவர் தம் டொலரை ரூபாவாக மாற்ற விரும்புகின்றார். நாணயமாற்றுநரின் பலகையில் இரு விலைகள் காணப்படும். ஒன்று அவர் டொலரை வாங்கும் விலை. மற்றையது விற்கும் விலை. கணக்கின் பொருட்டு அவற்றை முறையே 295, 305 ரூபா எனக் கொள்வோம். 100 டொலர் கொடுத்தவர் 29,500 ரூபா பெறுவார். அன்றே மனம் மாறி அதனை மீண்டும் டொலராக்குவாராயின் ஏறத்தாழ 96 டொலர் 72 சதமே கைக்கு வரும். சந்தை விலை அணுவளவும் அசையவில்லை. எனினும் மூன்று டொலருக்கு மேல் கரைந்துவிட்டது. நாணய வணிகம் பயில்வோர் முதற்கண் உணரவேண்டியது இவ்விடைவெளியையே.

அவ்விலை எங்ஙனம் அமைகின்றது? உல்லாசப் பயணிகளும், தேயிலை, ஆடை ஏற்றுமதியும், மத்திய கிழக்கில் உழைக்கும் எம் சகோதரிகளும் டொலரைக் கொணர்கின்றனர். எரிபொருளும் மருந்தும் கோதுமையும் கடன் தவணையும் அதனைக் கொண்டுசெல்கின்றன. வரவு குன்றித் தேவை மிகுந்தால் டொலரின் விலை ஏறும். அரசாங்கம் அதனைச் சிலகாலம் கட்டிவைக்கலாம். 1967 நவம்பரில் பிரித்தானியப் பவுண் மதிப்பிறக்கப்பட்டபோது இலங்கை ரூபாவும் 20 வீதம் இறக்கப்பட, டொலர் 4.76 ரூபாவிலிருந்து 5.95 ரூபாவாயிற்று. 1977 நவம்பரில் அது ஏறத்தாழ 16 ரூபா. 2001 சனவரியில் ரூபா மிதக்கவிடப்பட்டது.

ஆனால் 2021 இல் டொலர் மீண்டும் ஏறத்தாழ 203 ரூபாவிற் கட்டப்பட்டது. உண்டியற்காரர் அதற்கு மேல் கொடுத்தனர். பணமும் அவர் வழியே சென்றது. வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய தொகை 2020 இல் 710 கோடி டொலர். 2022 இல் 380 கோடி டொலர் மட்டுமே. 2022 மார்ச்சில் கட்டு அவிழ்க்கப்பட, மே மாதத்துள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. மானியமும் நீங்கிய அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், வாவியிலும் கடலிலும் படகோட்டுவோர் நம்பியிருந்த மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. டொலரைக் கண்ணாலும் காணாத மீனவர் அதன் விலையைச் செலுத்தினர்.

இந்நாளில் கைத்தொலைபேசியிலேயே நாணய வணிகம் செய்து செல்வராகலாம் என்னும் விளம்பரங்கள் எம் இளைஞரை அழைக்கின்றன. 100 டொலர் முதலுக்கு நூறு மடங்கு கடன் தந்து, 10,000 டொலருக்கு வணிகம் செய்யவிடுவர். விலை எதிர்த்திசையில் நூற்றுக்கு ஒன்று அசைந்தால் இழப்பு 100 டொலர். முதல் முழுவதும் போயிற்று. அந்த ஒரு வீத அசைவு சில நாட்களிலேயே, சிலவேளை ஒரே நாளிலேயே நேர்வதுண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமுள்ள இடைவெளி ஈண்டும் உண்டு. அது முதலின்மீதன்றி, முழுப் பத்தாயிரத்தின்மீதும் விழுகின்றது என்பதை விளம்பரஞ் செய்வோர் உரைப்பதில்லை.

2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி, இலங்கையில் அந்நிய நாணயத்தை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரித்துடையோர் அதிகாரமளிக்கப்பட்ட வங்கிகளும் அனுமதி பெற்ற நாணயமாற்றுநருமே. அத்தகையோர் பெயர்ப்பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகின்றது. பணங் கேட்பவர் பெயர் அதில் உளதா எனப் பார்ப்பதற்குச் சில நிமிடமே செல்லும்.